போதைப் பழக்கம் உள்ளவரிடம் தற்கொலை ஆபத்தை மதிப்பிடுவது எப்படி? மறுவாழ்வு மையப் பணியாளர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"குடிச்சிட்டா இப்படித்தான், செத்துடுவேன்னு கத்துவான், விடிஞ்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது." குடிநோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடாத வீடு குறைவு. மறுவாழ்வு மையங்களில் வேலை பார்ப்பவர்கள் சிலரும் இதையேதான் சொல்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போதையில் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் அவர் போதையில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான நேரம்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்குப்படி, குடித்திருக்கும் நேரத்தில் ஒருவர் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு குடிக்காத நேரத்தைவிட ஏறத்தாழ 7 மடங்கு; அளவுமீறிக் குடித்திருந்தால் 37 மடங்கு. நீண்டகாலக் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. குடிநோயாளிகளிடையே தற்கொலை இறப்பு பொதுமக்களைப்போல் சுமார் 10 மடங்கு என்றும், ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்களிடம் 13 மடங்குக்கும் மேல் என்றும் 2004இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. இந்தியாவில் 2022இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் போதை, குடிப்பழக்கம் காரணம் என்று எழுதப்பட்டவை 6.8 சதவீதம், குடும்பப் பிரச்சினை என்று எழுதப்பட்டவை 31.7 சதவீதம். அந்தக் குடும்பப் பிரச்சினைகளில் எத்தனைக்குப் பின்னால் பாட்டில் இருந்தது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

மறுவாழ்வு மையத்தில் இருக்கும் கவுன்சலர், செவிலியர், வார்டு பணியாளர், சமூகப் பணியாளர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு 2, 3, 7, 8 ஆகிய படிகள் நேரடியாக உதவும். மனநல மருத்துவர் செய்ய வேண்டியதை இது செய்யாது, அவரிடம் யாரை எவ்வளவு அவசரமாக அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க உதவும்.

முதலில் ஒன்று. இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிப் பேசிக்கொண்டிருந்தால், அல்லது உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104, சென்னை சினேகா அமைப்பு 044-24640050. எதையாவது ஏற்கெனவே விழுங்கிவிட்டார், காயப்படுத்திக்கொண்டார் என்றால் யோசிக்கவே வேண்டாம், 108. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, ஆம்புலன்சுக்கு 1990.

படி 1: எப்போதெல்லாம் கேட்க வேண்டும்

பெரும்பாலான இடங்களில் சேர்க்கும் நாளில் ஒரு படிவத்தில் "தற்கொலை எண்ணம்: இல்லை" என்று டிக் அடித்துவிட்டு, அதோடு முடித்துவிடுகிறார்கள். போதைப் பழக்கம் உள்ளவரிடம் ஆபத்து ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போதையில் ஒரு விதம், போதை இறங்கும்போது வேறு விதம், முழுக்கத் தெளிந்து கடனும் வழக்கும் கண்ணுக்குத் தெரியும்போது இன்னொரு விதம். அதனால் ஒருமுறை கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்ட முடியாது.

கட்டாயம் கேட்க வேண்டிய நேரங்கள் இவை: சேரும் நாள், குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள், வீட்டிலிருந்து யாராவது வந்துபோன அன்று, அல்லது வருவதாகச் சொல்லி வராமல் போன அன்று, வெளியே போவதற்கு முந்தைய நாள், மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்கும் நாள். இவற்றோடு எந்த இழப்புக்குப் பிறகும். மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டார், விவாகரத்து நோட்டீஸ் வந்தது, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஓட்டுநர் உரிமம் பறிபோனது, போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அடி வாங்கினார், எதுவாக இருந்தாலும் சரி. 1960களிலேயே அமெரிக்காவில் மர்ஃபி, ராபின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தற்கொலையால் இறந்த குடிநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதற்கு முந்தைய 6 வாரத்துக்குள் ஒரு நெருங்கிய உறவை இழந்திருந்தார் என்று கண்டார்கள். நம் ஊரிலும் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய வாரம்தான் நான் அதிகம் பயப்படும் வாரம். (அந்தப் பெண் கிளம்பியது தவறு என்று யாரும் படித்துவிடக் கூடாது. அவர் உயிரையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்ளப் போயிருக்கலாம். நாம் செய்ய வேண்டியது அந்த வாரத்தில் இவர்மேல் கண் வைப்பது.)

எந்தப் போதை என்பதும் நேரத்தை மாற்றும். குடியில், நிறுத்திய முதல் நாளிலிருந்தே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை குழப்ப நிலை வரலாம், அது உயிராபத்து, மருத்துவமனை வேண்டும். சிலருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே காதில் குரல் கேட்கும். "செத்துப்போ" என்று அந்தக் குரல் சொன்னால், அவருக்கு ஆசை இல்லாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. அதனால் "காதில் ஏதாவது கேட்கிறதா, அது உங்களை எதையாவது செய்யச் சொல்கிறதா" என்று தனியாகக் கேட்க வேண்டும். ஐஸ் என்று சொல்லப்படும் மெத்தாம்பெட்டமைனில் ஆபத்து போதை இறங்கும்போது வருகிறது. நாட்கணக்கில் தூங்காமல் இருந்தவர் ஒரேயடியாகச் சரிந்து விழுவார், உலகமே இருண்டுபோன மாதிரி ஒரு சோர்வு, அந்த நாட்களில் தனியாக விடக்கூடாது. ஹெராயின், டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளில் உடல்வலியும் தவிப்பும் சேர்ந்து "இதற்குச் சாவதே மேல்" என்று சொல்ல வைக்கும். கூடவே இன்னொரு விஷயம்: நிறுத்திச் சில நாட்களிலேயே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடலாம். கஞ்சாவில் சந்தேகமும் பயமும் முற்றிப்போனவரை உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: போதையில் இருப்பவரிடம்

முழு மதிப்பீட்டை இப்போது செய்ய முடியாது. அதற்காக ஒன்றும் கேட்காமல் படுக்க வைத்துவிடவும் கூடாது. மூன்று கேள்விகள் போதும்.

"இன்னைக்கு என்ன குடிச்சீங்க, வேற ஏதாவது மாத்திரை, மருந்து சேர்த்துச் சாப்பிட்டீங்களா?" இது முதலில். போதை என்று நினைத்து ஓரமாகப் படுக்க வைத்தவர் வேறு எதையோ விழுங்கியிருக்கக் கூடும். எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி மூச்சு இழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் 108ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

"உயிரை விட்டுடணும்னு இருக்கா?" இது இரண்டாவது. நேராக, சின்ன வாக்கியமாக.

"கையில, பையில, பக்கத்துல என்ன வச்சிருக்கீங்க?" இது மூன்றாவது. பதில் எதுவாக இருந்தாலும் மெதுவாக அந்தப் பொருளைத் தூர எடுத்துவிடுங்கள். பிடுங்கிச் சண்டை போடும் நேரம் இது இல்லை.

அதன்பின் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். கட்டிப்போடுவது, அறையில் வைத்துப் பூட்டுவது, கன்னத்தில் இரண்டு அறை விட்டுப் "புத்தி சொல்வது" எல்லாம் சில மையங்களில் இன்னும் நடக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, அதே சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், கட்டிப்போட்டவர் நாளைக்கு உங்களிடம் மனதைத் திறந்து பேச மாட்டார்.

தெளிந்த பிறகு அவர் "நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லையே" என்பார். பெரும்பாலும் வெட்கத்தில் சொல்வார், சில சமயம் உண்மையிலேயே நினைவிருக்காது. இரண்டு பதிலும் நேற்றுச் சொன்னதை ரத்து செய்யாது. இரண்டையும் கோப்பில் எழுதுங்கள்: போதையில் இப்படிச் சொன்னார், தெளிந்தபின் மறுத்தார், அடுத்த முறை குடித்தால் அதே எண்ணம் திரும்ப வரக்கூடும். இந்தக் கடைசி வரியை எழுத மறக்காதீர்கள்.

படி 3: கேள்விகளை எப்படிக் கேட்பது

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பல ஆய்வுகள் பார்த்துவிட்டன, கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. கேட்டவுடன் பலர் பெருமூச்சு விடுகிறார்கள், ஒருவராவது கேட்டாரே என்று.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "இல்ல சார்" என்ற பதிலை நாமே அவர் வாயில் வைக்கிறோம். "தப்பா ஏதும் யோசிக்கிறீங்களா?" என்பதும் வேண்டாம், தப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யார் ஒப்புக்கொள்வார்? மனைவி, அம்மா, அண்ணன் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். தனியாக, உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அதே சமயம் "இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்டயும் வீட்டுலயும் சொல்லுவேன், மத்ததெல்லாம் நமக்குள்ளதான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தற்கொலை ஆபத்தைக் கேட்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் கொலம்பியா அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அதன் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பேச்சுவழக்கில் இப்படிக் கேட்கலாம்:

"தூங்கி எழுந்திருக்கவே கூடாது, செத்துப்போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சா?"
"உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?"
"எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?"
"செஞ்சிடலாம்னு கொஞ்சமாவது முடிவு பண்ணியிருந்தீங்களா?"
"எங்க, எப்போன்னு திட்டம் போட்டீங்களா? அதைச் செய்யணும்னே இருந்தீங்களா?"
"இதுவரைக்கும் எப்போவாவது முயற்சி செஞ்சதுண்டா, அல்லது அதுக்காக எதையாவது வாங்கி வச்சது, எழுதி வச்சது உண்டா? கடைசி மூணு மாசத்துல?"

இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்றாலும் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். நான்காவது, ஐந்தாவது கேள்விக்கு "ஆமாம்" வந்தால், அல்லது கடைசி மூன்று மாதத்துக்குள் முயற்சி நடந்திருந்தால், அவரை அன்று தனியாக விடக்கூடாது.

நிஜத்தில் யாரும் இவ்வளவு வரிசையாகப் பதில் சொல்ல மாட்டார்கள். குடியை நிறுத்தி மூன்றாம் நாளில் இருக்கும் ஒரு லாரி ஓட்டுநர், வயது நாற்பதுக்கு மேல், என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, தூக்கம் வந்துச்சா?"
"எங்க... கண்ண மூடுனா வேர்த்துக் கொட்டுது."
"இந்த மாதிரி நேரத்துல நிறைய பேருக்கு, எழுந்திரிக்கவே வேணாம்னு தோணும். உங்களுக்குத் தோணுச்சா?"
"தோணாம இருக்குமா."
"செத்துடணும்னே நினைச்சீங்களா?"
"நான் போயிட்டா அவங்களாவது நிம்மதியா இருப்பாங்கல்ல."
"யாருண்ணே?"
"அவளும் புள்ளைங்களும்தான்."

அவர் "ஆமாம்" என்று சொல்லவே இல்லை, ஆனால் பதில் ஆமாம்தான். தான் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் தற்கொலை எண்ணத்தோடு மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பது. இந்த இடத்தில் "அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே, புள்ளைங்க முகத்தப் பாருங்க" என்று நாம் பாய்ந்தால் பேச்சு அங்கேயே அடைபட்டுவிடும். அவர் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் அப்படி நினைக்கிறார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ரொம்ப நாளா இத மனசுல வச்சிருக்கீங்க போல. எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும்.

படி 4: பழைய கதையைக் கிளறுவது

முன்பு முயற்சி செய்தவருக்கு மறுபடி ஆபத்து அதிகம், இது எல்லோருக்கும் தெரியும். போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் நாம் தவறவிடுவது வேறு: விபத்து என்று பெயர் வைக்கப்பட்ட முயற்சிகள். மாத்திரை அளவு மிஞ்சிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் மோதியது, மொட்டைமாடியிலிருந்து "தவறி" விழுந்தது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக் கேளுங்கள்: "அன்னைக்கு அவ்வளவு போட்டப்போ, உசுரு போனாலும் பரவாயில்லன்னு இருந்துச்சா?" பலருடைய பதில் சாகவும் வேண்டும், பிழைக்கவும் வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அந்த நடுநிலையை "விபத்து" என்று எழுதாதீர்கள், அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள்.

ஒவ்வொரு முயற்சியிலும் குடித்திருந்தாரா, முயற்சிக்கு முன் என்ன நடந்தது, யார் கண்டுபிடித்தார்கள், பிழைத்தபின் வருத்தப்பட்டாரா நிம்மதிப்பட்டாரா என்று கேளுங்கள். குடும்பத்தில் யாராவது அப்படி இறந்தார்களா என்பதையும்.

படி 5: எது தள்ளுகிறது, எது பிடித்து வைத்திருக்கிறது

தள்ளுபவை: மனச்சோர்வு, தீராத வலி, கந்துவட்டி, வழக்கு, தூக்கமின்மை, சின்ன வயதில் பட்ட அடி அல்லது பாலியல் கொடுமை, இரண்டு மூன்று போதைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது. மனச்சோர்வைப் பற்றி ஒரு வார்த்தை. குடியை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களில் சோர்வு தானாகக் குறையும், அதனால் "முதலில் குடியை நிறுத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்வது வழக்கம். மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து தருவதா என்று மருத்துவர் காத்திருந்து பார்க்கலாம். தற்கொலை எண்ணத்துக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது, அந்தச் சோர்வு குடியால் வந்ததோ வேறு எதனால் வந்ததோ, உயிர் ஒன்றுதான்.

பெண்களிடம் இதைக் கேட்பதில் நாம் இன்னும் மோசம். குடிக்கும் பெண் என்றாலே ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்து, பழக்கத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள், மாத்திரைப் பழக்கம் என்றால் வீட்டுக்கே தெரியாது. முடிந்தவரை பெண் பணியாளர் கேட்கட்டும், வீட்டில் அடி உதை இருக்கிறதா என்பதையும் சேர்த்து. அதோடு, நோயாளியை மதிப்பிடும்போது கூட வந்திருக்கும் மனைவியையும் அம்மாவையும் பாருங்கள். "நீங்க எப்படி இருக்கீங்க, உங்களுக்கு அப்படித் தோணுமா?" என்று அவர்களையும் தனியாக ஒருமுறை கேளுங்கள். குடிநோயாளியின் வீட்டில் ஆபத்து ஒருவரோடு நிற்பதில்லை.

பிடித்து வைப்பவை: இன்றைக்குப் போன் எடுத்துப் பேசும் ஒரு உறவு, திரும்பப் போக ஒரு வேலை, நம்பிக்கை, பிள்ளைகள், சிகிச்சையில் ஏற்பட்ட பிடிப்பு. இவற்றைக் கேட்டறிவது அவசியம், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்காக்கக் கூடாது. "மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் செய்ய மாட்டார்" என்று எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். மேலே அந்த ஓட்டுநருக்குப் பிள்ளைகளே காரணமாக இருந்ததை யோசித்துப் பாருங்கள்.

படி 6: முடிவெடுப்பது

இங்கேதான் எல்லோரும் மதிப்பெண் தேடுகிறார்கள். மொத்தம் இத்தனை வந்தால் குறைவு, இத்தனை வந்தால் அதிகம் என்று. யார் இறப்பார், யார் பிழைப்பார் என்று முன்கூட்டிச் சொல்லும் சக்தி எந்த அளவுகோலுக்கும் இல்லை. 2017இல் 50 ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, தனித்தனி ஆபத்துக் காரணிகளை வைத்துக் கணிப்பது ஏறத்தாழ குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை என்று கண்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரித்து அதை வைத்து யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படியானால் கேள்விகள் எதற்கு? அவர் இப்போது எங்கே நிற்கிறார், எது நடந்தால் நிலைமை மாறும், அதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

அதனால் கோப்பில் "ஆபத்து: நடுத்தரம்" என்று எழுதுவதைவிட இப்படி எழுதுங்கள்: "இப்போது சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, வழி யோசித்திருக்கிறார், செய்யும் முடிவு இல்லை. 2 ஆண்டுக்கு முன் குடித்திருந்தபோது ஒரு முயற்சி. மனைவி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றாலோ, வெளியே போய் மறுபடி குடித்தாலோ நிலைமை மோசமாகும். அக்கா தினமும் பேசுகிறார். தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மருத்துவர் இன்று பார்க்கிறார். இரவு வார்டு பணியாளர் பக்கத்துப் படுக்கையில். நாளைக் காலை மறுபடி கேட்க வேண்டும்." அடுத்த ஷிப்டில் வருபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இதைப் படித்தாலே தெரிந்துவிடும்.

செயல் மூன்று வகையில் வரும். திட்டமும் செய்யும் எண்ணமும் இருந்தால், குரல் கட்டளையிட்டால், அல்லது முயற்சி நடந்துவிட்டால்: மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனை, இன்றே, கூட ஆளோடு, பஸ்ஸில் தனியாக இல்லை. எண்ணம் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால்: ஒரு நாளுக்குள் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், பாதுகாப்புத் திட்டம், பொருட்களை அகற்றுவது, வீட்டாரிடம் பேசுவது. எண்ணமே இல்லை என்றால்: உதவி எண்களைக் கொடுத்துவிட்டு, படி 1இல் சொன்ன நேரங்களில் மறுபடி கேட்பது. நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள். மேற்பார்வையாளரை நள்ளிரவில் எழுப்ப வேண்டியிருந்தால் எழுப்புங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே தயங்குகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்துவதற்காக முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. இதை வீட்டாருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள், பயத்தில் வீணாகும் ஒரு மணி நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

படி 7: பாதுகாப்புத் திட்டம் எழுதுவது

"புள்ள மேல சத்தியமா இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்" என்று வாங்கும் சத்தியம் நம் வீடுகளில் சாதாரணம், சில மையங்களில் கையெழுத்தே வாங்குகிறார்கள். அது உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்னும் மோசமாக, சத்தியம் செய்தவர் மறுபடி அந்த எண்ணம் வந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுவார். அதற்குப் பதில் ஸ்டான்லி, பிரவுன் என்ற இருவர் உருவாக்கிய 6 அடுக்குத் திட்டத்தை எழுதுங்கள். அமெரிக்காவில் அவசரப் பிரிவுகளில் இதை எழுதிக்கொடுத்துத் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த 6 மாதத்தில் தற்கொலை முயற்சி சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தெளிந்திருக்கும்போது, அவர் வார்த்தையில், அவர் கையாலேயே, ஒரு நோட்டுத் தாளில். அந்த ஓட்டுநர் எழுதினால் இப்படி இருக்கலாம்.

எச்சரிக்கை: சாயங்காலம் 6 மணிக்கு மேல் தனியாக இருப்பது, மச்சான் போனில் திட்டுவது, "நமக்கு என்ன இருக்கு" என்று மனசு சொல்ல ஆரம்பிப்பது. நானே செய்வது: தலையோடு குளிப்பது, வண்டியைக் கழுவுவது, பழைய பாட்டு. போக வேண்டிய இடம்: மாரியம்மன் கோயில் திண்ணை, செவ்வாய்க்கிழமை ஏ.ஏ. கூட்டம் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம்). சொல்ல வேண்டிய ஆள்: அக்கா, அவர் எடுக்கவில்லை என்றால் சித்தப்பா. மருத்துவ உதவி: மையத்தின் எண், 14416, 108. வீட்டில்: பூச்சிமருந்து அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டது, மாத்திரை அக்காவிடம்.

இதில் போதைக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் முறை எழுதும்போது "பிரெண்ட்ஸைப் பார்க்கப் போவேன்" என்று எழுதுவார், அந்த நண்பர்கள் அத்தனை பேரும் குடிப்பவர்களாக இருப்பார்கள். டீக்கடை என்பார், அது டாஸ்மாக் வாசலில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் "அங்கே சரக்கு கிடைக்குமா?" என்று கேட்டு வடிகட்டுங்கள். "குடித்துவிட்டால் என்ன செய்வேன்" என்று ஒரு வரி தனியாகச் சேர்ப்பது என் பழக்கம். குடித்தாலும் அக்காவுக்குப் போன் பண்ணலாம், மையத்துக்கு வரலாம், யாரும் திட்ட மாட்டோம் என்று அந்த வரியில் இருக்க வேண்டும். முடிந்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அக்காவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 8: கைக்கெட்டும் பொருட்களை அகற்றுவது

முயற்சி செய்து பிழைத்தவர்களிடம் ஆஸ்திரியாவில் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் அன்றைய எண்ணம் வந்ததற்கும் செயலுக்கும் இடையே 10 நிமிடம் அல்லது அதற்கும் குறைவுதான் என்றார்கள். போதையில் இருப்பவருக்கு நிதானமும் இருக்காது. அந்த 10 நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது பல சமயம் உயிரைக் காப்பாற்றிவிடும். நமக்குத் தெரிந்த சான்றே இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள், பூச்சிமருந்தால் நிகழ்ந்த தற்கொலைகள் குறைந்தன. இலங்கை கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அங்கே தற்கொலை விகிதம் 1990களின் உச்சத்திலிருந்து 70 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது.

வீட்டில் செய்ய வேண்டியது: பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் வீட்டு எல்லைக்குள் வேண்டாம். ஒளித்து வைப்பதில் பயனில்லை, தேடினால் கிடைத்துவிடும். எல்லா மாத்திரைகளும், மாமியாரின் சர்க்கரை மாத்திரை உட்பட, ஒருவரிடம் பூட்டில். மருத்துவரிடம் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித்தரக் கேளுங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் "குடி நிறுத்தும் மருந்து" வேண்டவே வேண்டாம், அதன்மேல் குடித்தால் உயிரே போகலாம். இதையெல்லாம் அவருக்குத் தெரிந்தே, "அந்த மோசமான பத்து நிமிஷத்துக்காக" என்று சொல்லிச் செய்யுங்கள்.

படி 9: வெளியே போன பிறகு

மையத்தைவிட்டுப் போன முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. உள்ளே நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்தில் ஆள். வெளியே அதே தெரு, அதே கடன்காரன், கூடவே "இவன் திருந்தவா போறான்" என்ற பேச்சு. ஓபியாய்டு பழக்கத்துக்கு புப்ரநார்ஃபின் என்ற மாற்று மருந்து எடுப்பவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் இறப்பு ஆபத்து கூடும், அதனால் வெளியே அனுப்பும்போதே அடுத்த மருந்து எங்கே, எந்தத் தேதியில் என்று முடிவாகியிருக்க வேண்டும்.

தொடர்ந்து விசாரிப்பதுதான் இந்தப் படி, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட 5 ஊர்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஒரு ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் 18 மாதத்தில் 9 முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. வேறொன்றும் இல்லை. 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அந்த ஆய்வு விசாரித்த நாட்களையே நீங்களும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், அப்புறம் 4, 6, 12, 18ஆம் மாதங்கள். போதைப் பழக்கம் உள்ளவருக்கு முதல் மாதம் வாரம் ஒருமுறை என்று நெருக்கிக்கொள்வது நல்லது. போகும் முன்பே மூன்று எண்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவருடையது, வீட்டில் ஒருவருடையது, அக்கம்பக்கத்தில் ஒருவருடையது. போனில் "குடிக்கிறீங்களா?" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை எடுக்க மாட்டார். "சாப்பிட்டீங்களா, தூக்கம் எப்படி" என்று ஆரம்பித்து, படி 3இன் முதல் கேள்விக்கு வாருங்கள். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் அன்றே அடுத்த எண், அதுவும் இல்லை என்றால் களப்பணியாளர் நேரில் போக வேண்டும். போனை எடுத்த குரல் குழறினால் "தெளிஞ்சதும் பேசலாம்" என்று வைத்துவிடாதீர்கள். எங்கே இருக்கிறார், கூட யார் என்று கேட்டு, படி 2இன் மூன்று கேள்விகளையும் கேட்டு, பக்கத்தில் இருக்கும் பணியாளர் இன்னொரு போனில் வீட்டுக்குத் தகவல் சொல்லி யாராவது அவர் அருகே போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.